வேனுக்குள் தண்ணீர் வராத வரலாறு

பாபநாசம்,
12.9.1998, சனிக்கிழமை.

அன்பிலும் பண்பிலும் குறைவில்லாத மருமகன் ஆஸிம் அவர்களுக்கு, மாமா காதர் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும், உங்கள் மாமியார் சபிஹாவும், உங்கள் மனைவி ஷம்சாத்தும், மகள் சுமையாவும் சுகமே. ஷார்ஜாவில் தங்கள் சுகமும், தாங்கள் வேலை பார்க்கும் கேரவன் பட்டறையின் சுகமும், முக்கியமாகப் பட்டறை முதலாளியின் சுகமும் அறிய ஆவல். முதலாளியை ஏன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். இங்கே குடமுருட்டியில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வாய்க்கால் வழிகிறது, வயல் வழிகிறது, நம் தெருச் சாக்கடைகூட வழிகிறது. இந்த ஊரில் தண்ணீர் இல்லாத ஒரே இடம் நம் வேன்தான்.

சென்ற கடிதத்தில் நலம் விசாரித்ததற்கு அப்புறம் நீங்கள் கேட்டிருந்தது ஒரே கேள்வி. "மாமா, வேன் ரெடியா? ரெடி என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும், ராஜினாமா கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். என் பதில்: கொடுக்காதீர்கள். எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். அவசரப்பட்டுக் கொடுத்தே விட்டிருந்தால், முதலாளிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லித் திரும்ப வாங்கிவிடுங்கள். இதை ஐ.எஸ்.டி. பூத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அங்கே மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு குழறிவிடுகிறது, இந்தக் கதையை எங்கே சொல்வது? அதனால் விவரமாக எழுதி, புதன்கிழமை பிளேன் ஏறுகிற பக்கத்து வீட்டு லத்தீஃபா மகன் இர்பான் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படம் வரைந்து அனுப்பியபடியே கும்பகோணம் பட்டறையில் வேனுக்குள் ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மேலே இரண்டு பேர் படுக்கலாம், கீழே இரண்டு பேர் படுக்கலாம். கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, அதன்மேல் பளபளவென்று குழாய், பின்பக்கம் கதவு போட்ட குளியலறை, அதற்குள் ஷவர், பெஞ்சுக்கு அடியில் நூறு லிட்டர் டேங்க். ஆகஸ்டில் வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்று ஊரே ஏறி இறங்கியது. "ஏன் பாய், குளிச்சிக்கிட்டே கும்பகோணம் போயிடலாமா?" என்று பால்காரர் கேட்டார். "ஓடுற வண்டியில எவ குளிப்பா? பிரேக் போட்டா என்னா ஆவறது?" என்று உங்கள் மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள். சுமையா மட்டும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த வண்டியில் ஷார்ஜாவுக்குப் போய்த் திரும்புகிறாள். அதற்கு அவள் வைத்த பெயர் அத்தா வண்டி.

நம் வண்டியை வாடகைக்கு எடுக்கிறேன் என்று சொன்ன தஞ்சாவூர் டிராவல்ஸ்காரர் குழந்தைராஜும் வந்து பார்த்தார். கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஊர் ஊராக அழைத்துப் போகிறவர். ஒரு நாள் தன் மனைவியோடு போய்ப் பார்க்கிறேன், பிடித்தால் ஆறு மாதத்துக்கு நம் வண்டியையே வைத்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் ராஜினாமா அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்து உங்கள் பார்சல். ஜூலையில் இர்பான் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். நம் வீட்டு வழக்கப்படி பாயை விரித்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, நான் ஒவ்வொன்றாக எடுத்து இது இன்னாருக்கு என்று பங்கு வைத்தேன். தைலம் எனக்கு, சென்ட் பாட்டில் ஷம்சாத்துக்கு, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை சுமையாவுக்கு, பால் பவுடர் வீட்டுக்கு, பம்பு வேனுக்கு. அந்தப் பம்புப் பெட்டிக்குள்ளேயே மாமியாருக்கு என்று ஒரு டீ வடிகட்டியும் வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதுதான் உங்கள் குணம். கண்ணாடி மாதிரி ஒரு கிண்ணம், அதற்குள் சன்னமான கம்பி வலை. முப்பது வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்தவன் நான், அவ்வளவு சன்னமான நெசவைப் பார்த்ததில்லை. உங்கள் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "கடல் தாண்டி இருக்கிற மருமவனுக்கு நான் டீ குடிக்கிறது ஞாபகம் இருக்கு, கூடவே இருக்கிற மனுஷனுக்கு இல்ல" என்று நாலு வீட்டில் காட்டிவிட்டு வந்தார்கள். வலையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அதில்தான் இன்றுவரை டீ வடிக்கிறார்கள். பெட்டியில் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஷம்சாத் கேட்டாள். கேரண்டி புத்தகம் கை படாமல் இருந்தால்தான் செல்லும் என்று, பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பம்பு மாட்டிய அன்று பட்டறையில் நானே பக்கத்தில் நின்றேன். தண்ணீரின் சுத்தத்துக்கு வேண்டிய ஏற்பாட்டை என் கையாலேயே செய்தேன். நம் வீட்டில் எல்லாக் குழாய்க்கும் நான் துணி கட்டி வைத்திருப்பதும், "குழாய்க்குக் கோவணம் கட்டுற மனுஷன்" என்று உங்கள் மாமியார் கேலி செய்வதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே அந்தப் பக்கம் நீங்கள் கவலையே பட வேண்டாம். குறை வேறு எங்கேயோ இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்மி சொல்லி வேனில் குழாயைத் திறந்தேன். டுர்ர்ர் என்று சத்தம் மட்டும் கும்பகோணம் வரை கேட்டது. தண்ணீரோ கைக்குழந்தை ஒன்றுக்குப் போகிற அளவு. சரி, முதல் தண்ணீரில் ஒளு செய்துவிட்டு அஸர் தொழப் போகலாம் என்று நின்றேன். முகம் கழுவி முழங்கைக்கு வருவதற்குள் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இது போதாதென்று, குழாயை யாரும் தொடாதபோதும் அந்தப் பம்பு திடீரென்று 'டுர்' என்று ஓர் ஏப்பம் விட்டு அடங்கும். உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று உங்கள் மாமியார் விளக்குமாற்றோடு போய்ப் பார்த்தார்கள்.

ஊரில் வயல் மோட்டார் எல்லாம் பார்க்கிற மெக்கானிக் முருகையனைக் கூப்பிட்டேன். அவர் பம்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னா பாய், இது பம்பா, மூக்குப்பொடி டப்பியா? அஞ்சு எச்.பி. மோட்டாரையே அதட்டி வேலை வாங்குறவன் நான்" என்றார். அப்புறம் அதில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணுமில்ல, காத்து இழுக்குது. தண்ணி புடிக்கல. ஒரு நிமிஷத்துல புடிக்க வெச்சிடறேன்" என்றார். நான் மூக்குக்கண்ணாடி எடுக்க வீட்டுக்குள் போன நேரம் அது. வயலில் மோட்டார் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டு கப்பென்று பிடித்துக்கொள்ளும். முருகையனும் எதிர்வீட்டுத் தொழுவத்தில் ஒரு வாளி கரைத்து எடுத்துவந்து, பம்பு வாயில் ஊற்றி, மிச்சத்தை டேங்கிலும் கொட்டி, ஷவரைத் திறந்துவிட்டார். நான் திரும்பி வரும்போது புதுக் குளியலறையில் பச்சை மழை பெய்துகொண்டிருந்தது. "பாத்தீங்களா பாய், புடிச்சிருச்சு!" என்று முருகையன் அதன் நடுவில் நின்று குதிக்கிறார். பம்பு வாயில் ஊற்றினது வந்து முடிந்தது, பம்பு பழையபடி டுர்ரென்றது. டேங்கு வாயில் கை நுழையாது, அதனால் ஒன்பது தடவை தண்ணீர் ஊற்றி அலசி அலசிக் கவிழ்த்தோம். மூன்று நாள் வண்டிப் பக்கம் யாரும் போகவில்லை. உங்கள் மகள் மட்டும் "அத்தா வண்டி மாடாயிடுச்சு" என்று கை தட்டினாள்.

நாலாம் நாள், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையரான நாகநாதன் வந்தார். அவருக்கு உலகத்தில் எந்த வியாதிக்கும் காரணம் லோ வோல்டேஜ்தான். ஆனால் மாப்பிள்ளை, பொய் சொல்லக் கூடாது, அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. "பாய், வயரு நூல் மாதிரி இருக்கு. பாட்டரியிலேருந்து கரண்ட் நடந்து வந்து சேர்றதுக்குள்ள பாதி செத்துப்போவுது" என்று சொல்லி, தடித்த வயராகப் போட்டு, துருப்பிடித்த போல்ட்டைச் சுரண்டி இறுக்கினார். உடனே பம்புக்கு வீரம் வந்துவிட்டது. தண்ணீர் கொஞ்சம் கூடியது. சத்தம் ரொம்பக் கூடியது. வண்டியே நடுங்கி, அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்து கீழே விழுந்தன. அடியில் ரப்பர் வைத்தால் அடங்கிவிடும் என்று, வாசற்படியில் கிடந்த நல்ல ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி நாலு மூலைக்கும் வைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. நானும் பலே என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கீழே இறங்கிக் காலை நீட்டியபோதுதான் அது யார் செருப்பு என்று தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உங்கள் மாமியார் செருப்பில் போய்வந்தேன்.

ஷம்சாத் நடுநடுவே வந்து, "அத்தா, அந்தப் புஸ்தகத்தை ஒரு தடவ குடுங்களேன், பாத்துட்டுத் தந்துடறேன்" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிசிக்ஸ் படித்த பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. படிப்பு வேறு, அனுபவம் வேறு. இரண்டு அனுபவஸ்தர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது புத்தகம் எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

இந்த நிலையில்தான் போன வியாழக்கிழமை குழந்தைராஜையும் அவர் மனைவி விண்ணரசியையும் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போனோம். போகும்போது எல்லாம் அமோகம். உங்கள் மாமியார் ஓடுகிற வண்டியிலேயே டீ போட்டுக் கொடுத்தார்கள், ஒரு தூள் இல்லாமல் அப்படி ஒரு வடிகட்டல். படகில் போய் அலையாத்திக் காட்டைப் பார்த்தோம். குழந்தைராஜ் குழந்தை மாதிரி குஷியாகி, திரும்பும்போது படகு நிற்பதற்கு முன்னாலேயே குதித்து, இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டார். "நல்லதாப் போச்சு பாய், உங்க ஷவரை இப்பவே பாத்துடலாம்" என்று துண்டோடு உள்ளே போனார். கதவு சாத்தினார். பாட்டு கேட்டது. சோப்பு வாசனை வந்தது. டுர்ர்ர் என்று பம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு நின்றது. "பாய்! பாய்! தண்ணி!" என்று அலறல். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சோப்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, துண்டோடு படியில் வந்து நின்றார். பக்கத்தில் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற சோப்பு மெழுகு மாதிரி பிடித்துக்கொண்டது. கடைசியில் ரோட்டோரம் இளநீர் வைத்திருந்தவரிடம் ஒன்பது இளநீர் வெட்டச் சொல்லி அவர் தலையில் ஊற்றினோம். விண்ணரசி அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் ஊற்றியதில் பாதி தரைக்குப் போயிற்று. மன்னார்குடி தாண்டுவதற்குள் இனிப்பு வாசனைக்கு அவர் தலையில் எறும்பு ஏறிவிட்டது.

இறங்கும்போது குழந்தைராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பாய், வண்டி தங்கம். ஆனா பாதிக் குளியல்ல தண்ணி நிக்கிற வண்டியில நான் யாரை ஏத்துவேன்? இருபதாம் தேதிக்குள்ள சரியானா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, இல்லன்னா நான் வேற பாத்துக்கறேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். ஷம்சாத் இளநீர் சிந்திய தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுமையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்னா, வண்டி ரெடியாவலன்னா அத்தா வர மாட்டாங்களா?" என்று கேட்டாள். ஐந்து வயதுக் குழந்தை உங்களை நேரில் பார்த்தது மொத்தம் மூன்று மாதம். மாப்பிள்ளை, மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே நான் யோசித்து முடிவு செய்தது: இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பில் உற்பத்தியிலேயே கோளாறு, அதில் சந்தேகமில்லை. படுக்கை, அடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு வேனைக் கோழித்தீவனம் ஏற்ற விடலாம் என்றிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்ளாமல் போகாதீர்கள். ஐந்து வேளையும் உங்களுக்காக துஆ செய்கிறோம். மாமியார் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். சுமையா முத்தம். உங்கள் மனைவி என்ன சொல்லச் சொன்னாள் என்பதை அவளே தனியாக எழுதுவாள். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் ஒன்றையே நினைக்கும் மாமா
சி. காதர் மைதீன்

பின்குறிப்பு, 14.9.1998, திங்கட்கிழமை: மாப்பிள்ளை, மேலே எழுதின எதுவும் இனிமேல் செல்லாது. இவ்வளவு பக்கத்தையும் கிழிச்சுப் போட மனசு வரல, அதனால ஒட்டின கவரைப் பிரிச்சு இதையும் சேர்த்து எழுதறேன். சனிக்கிழமை கடிதத்தை பீரோவுல வெச்சேனா, சாவியைக் கதவுலயே மறந்து விட்டுட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில நாங்க டீ குடிக்கிற நேரம், ஷம்சாத் அந்தக் கேரண்டி புஸ்தகத்தோட வந்து நிக்கிறா. பிரிச்சே விட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "அத்தா, மூணாம் பக்கத்துல இந்தப் படத்தைப் பாருங்க. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல கண்டிப்பா மாட்டணும்னு போட்டிருக்கு" என்கிறா. கண்ணாடி மாதிரிக் கிண்ணம், அதுக்குள்ள சன்னமான கம்பி வலை. நான் படத்தைப் பாத்தேன். அப்புறம் எல்லாரும் அடுப்படியைப் பாத்தோம். உங்க மாமியார் கையில அது இருந்தது. டீ சொட்டிக்கிட்டு இருந்தது.

"அப்ப இத்தனை நாளா வடிகட்டியே இல்லாம எப்படிக் குப்பை போகாம இருந்துச்சு?" என்று ஷம்சாத் கேட்டா. அதான் பைப்பு வாய்ல நான் துணி கட்டியிருக்கேனே என்று பெருமையா சொன்னேன். அவ நேரா வேனுக்குப் போய் டேங்குக்குள்ளேருந்து பைப்பை உருவினா. நாலா மடிச்சுக் கட்டின கைலித் துணி, முருகையன் கரைச்சு விட்ட சாணி மிச்சமெல்லாம் அப்பி, அடை மாதிரி வந்தது. குழாயைக் கொஞ்ச நேரம் திறந்தா அது வழியாக் கசியும், ஷவர்ல விடாம இழுத்தா பைப்பு வாயை கெட்டியா அடைச்சுக்கும். குழந்தைராஜ் தலையில இளநீர் ஊத்த வெச்சது நான் கட்டின துணிதான். அது எந்தக் கைலின்னு நீங்க தெரிஞ்சுக்கணும் மாப்பிள்ளை. முதல் சம்பளத்துல எனக்கு அனுப்பினீங்களே, அந்தப் பச்சைக் கட்டம் போட்டது. கிழிஞ்ச பிறகும் தூக்கிப் போடாம வெச்சிருந்தேன். உங்க வண்டிக்கு நல்லது செய்யறோம்னுதான் அதை எடுத்துக் கட்டினேன். உங்க மாமியார் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல.

அப்புறம் முருகையனும் நாகநாதனும் ஸ்பானர் எடுத்துக் குடுக்க, ஷம்சாத் வேலை செஞ்சா. வலையைக் கிண்ணத்துல போட்டு நடுவுல மாட்டினா. பட்டறையில சைக்கிள் டியூப் சுத்தி விட்டிருந்த இடத்துலயெல்லாம் காத்து புகாம கிளாம்பு போட்டு இறுக்கினா. பம்புக்கு அப்புறம் ஒரு முழக் குழாயை மூடி போட்டு நட்டுக்குத்தா நிறுத்தினா. அதுல அடைபட்ட காத்து பம்போட படபடப்பை வாங்கிக்குமாம், அதுவும் புஸ்தகத்துல இருக்காம். குழாயைத் திறந்தா, மடை திறந்த மாதிரி தண்ணி. ஏப்பமும் இல்ல, நடுக்கமும் இல்ல. நான் ஒளு செஞ்சிட்டுப் போய் முதல் வரிசையில நின்னு தொழுதேன். தகவல் சொல்லி அனுப்பினதும் சாயங்காலமே குழந்தைராஜ் வந்தார், முன்ஜாக்கிரதையா காருல ரெண்டு குடம் தண்ணியோட. உள்ள போனவர் அரைமணி நேரம் வெளியே வரல, மூணு பாட்டு முழுசாப் பாடி முடிச்சார். "பாய், ஆறு மாசம் இல்ல, ஒரு வருஷம்" என்று கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, வேன் ரெடி. நீங்க கேட்ட வரி இதுதான், என் கையெழுத்துலயே இருக்கு. ராஜினாமாவைக் குடுத்துடுங்க, முதலாளிக்கு என் ஸலாம் சொல்லுங்க, வந்துடுங்க. பம்பு ஓடினாலும் ஓடாட்டாலும் வந்துடுங்கன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கணும், எனக்குத்தான் புத்தி வரல. சுமையா நேத்திலேருந்து டிரைவர் சீட்டுல உக்காரல. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, "இது அத்தா எடம்" என்று யாரையும் அங்க ஏற விடமாட்டேங்கறா. உங்க மாமியார் மட்டும் ரெண்டு நாளா தூளோட டீ குடிச்சிக்கிட்டு என்னை முறைக்கிறாங்க. வரும்போது மறக்காம ஒரு டீ வடிகட்டி வாங்கிட்டு வாங்க. டீ மட்டும் வடிக்கிறதா பாத்து வாங்குங்க.